கேளுங்க, சொல்றேன்: அந்தக் காலத்து ஆட்டக்காரங்க

போன இதழ்ல இந்தப் பகுதியில "ஒங்க மனசுல இன்னும் நிக்கிற பழைய ஆட்டக்காரர் யாரு"ன்னு ஒரே ஒரு வரி கேட்டு வெச்சேன். அதுக்கு தொண்டியிலேர்ந்து ஏர்வாடி வரைக்கும் லெட்டர், வாட்ஸாப் வாய்ஸ், ஒருத்தர் பழைய நோட்டுல ஒட்டி வெச்ச பேப்பர் படத்த போட்டோ புடிச்சே அனுப்பிட்டாரு. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ படிச்சேன், கேட்டேன். எடம் இருக்குற அளவுக்கு இங்க பதில் சொல்றேன், மிச்சம் அடுத்த தடவ.

அண்ணே, எங்க வீட்டுக்கு டிவி வந்தது 1984ல. ரூபவாஹினி மட்டும்தான் எடுக்கும். அதுல பாத்துப் பாத்து எனக்கு கிரிக்கெட்டு ராய் டயஸ்னா உசுரு. இப்ப எம்மவன் "நீ இந்தியாக்காரன்தானேப்பா, இலங்கை ஆளு எப்பிடி ஒனக்கு ஹீரோ ஆனாரு"ன்னு கேக்குறான். என்ன பதில் சொல்ல?
— தங்கச்சிமடம் வாசகர்

மவன மொட்டமாடிக்கு கூட்டிட்டுப் போயி கெழக்கால கைய காட்டுங்க தம்பி. தனுஷ்கோடிலேர்ந்து தலைமன்னாருக்கு சுமாரா முப்பது கிலோமீட்டருதான், நமக்கு மதுரை அதவிட எத்தன மடங்கு தூரம். ரூபவாஹினி 1982 பிப்ரவரில ஆரம்பிச்சுச்சு, கொடைக்கானல் டவர் வந்து நம்ம தூர்தர்ஷன் தெரியுறதுக்கு முன்னாடி நம்ம கரைக்கு டிவின்னா அதுதான். பனமரத்துல பைப்ப கட்டி ஆன்டெனாவ ஏத்திட்டு ஒருத்தன் மேல நின்னு திருப்புவான், கீழேர்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அய்யோ போச்சுடா"ன்னு கத்துவோம். காத்தே இல்லாம புழுக்கமா இருக்குற சாயங்காலம் படம் கண்ணாடி மாதிரி வரும், வாடக்காத்து அடிக்க ஆரம்பிச்சா பந்து எங்க போச்சுன்னே தெரியாது. அந்தப் புள்ளி புள்ளியா வந்த படத்துலதான் நம்ம ஆளுங்க டயஸோட கவர் டிரைவ பாத்தாங்க. மண்டிபோட்டு அடிக்கிறவன் இல்ல, முரட்டு அடியும் இல்ல, பந்த தடவி அனுப்புற மாதிரி இருக்கும்.

1982 செப்டம்பர்ல சேப்பாக்கத்துக்கு இலங்கை டீம் வந்துச்சு. துலீப் மெண்டிஸ் ரெண்டு இன்னிங்ஸ்லயும் 105, 105ன்னு அடிச்சாரு, எல்லாரும் அதத்தான் இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. டயஸ் மொத இன்னிங்ஸ்ல 60, ரெண்டாவதுல 97. அந்த மூணு ரன்னால அவரு பேரு பின்னால போயிருச்சு. அதுக்கப்புறம் 1985 செப்டம்பர்ல கொழும்புல இலங்கை மொத மொதல்ல ஒரு டெஸ்ட் ஜெயிச்சாங்களே, அதுவும் நம்மகிட்டத்தான், 149 ரன் வித்தியாசத்துல. கபில்தேவ் தனியா நின்னு அடிச்சுப் பாத்தாரு, ருமேஷ் ரத்னாயக்க தன் பந்துலயே அவர கேட்ச் புடிச்சு முடிச்சு வெச்சாரு. அங்க மறுநாள் நாடு முழுக்க லீவு விட்டாங்க. எங்க தெருவுல அன்னைக்கு என்ன மாதிரி இருந்துச்சுன்னா, தோத்தது நம்ம டீமு, வருத்தமும் இருக்கு, ஆனா டிவில துள்ளிக் குதிக்கிறவங்க மொகமெல்லாம் நமக்கு நாலு வருசமா தெரிஞ்ச மொகம்.

இன்னொன்னையும் மவன்கிட்ட சொல்லணும். 1983 ஜூன் 25ல லார்ட்ஸ்ல நாம உலகக்கோப்பை ஜெயிச்சோம், அதுக்கு சரியா ஒரு மாசம் கழிச்சு இலங்கையில தமிழருக்கு எதிரா ஜூலைக் கலவரம், படகு படகா சனங்க ராமேஸ்வரத்துக்கு வந்து எறங்குனாங்க. மண்டபம் கேம்ப்புக்கு வந்த பசங்க நம்ம பசங்களோட சேந்து மணல்ல ஸ்டம்பு நட்டு ஆடுனாங்க. அவங்கள்ல ஒருத்தன் டயஸ் மாதிரியே கைய தூக்கி நிறுத்தி ஆடுவான், சொந்த ஊரு மன்னார் பக்கம். இலங்கை டீமுக்கு நீ கை தட்டுவியான்னு அவன்கிட்ட கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு, கடைசி வரைக்கும் கேக்கல, கேக்குறதுக்கு மனசு வரல. அதனால ஹீரோ யாரு, எந்த நாடுங்கறது நம்ம கரையில அவ்வளவு சுளுவா பதில் சொல்ற கேள்வி இல்ல. ஒங்களுக்கு டயஸ் புடிச்சுச்சு, புடிச்சுக்கிட்டே இருக்கட்டும்.

1975 பொங்கல் டெஸ்ட் பத்தி எழுதுங்க சார். நான் அப்ப மண்டபத்துல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். விஸ்வநாத் 97 நாட் அவுட். இன்னைக்கு நெனச்சாலும் கை நடுங்குது.
— ராமநாதபுரம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

அய்யா, எனக்கும் அப்ப பத்து வயசு, எங்க தாய்மாமா டிரான்சிஸ்டர்தான் எல்லாருக்கும். வெஸ்ட் இண்டீஸோட அஞ்சு டெஸ்ட் சீரிஸ்ல மொத ரெண்டும் தோத்து, கல்கத்தாவுல ஒண்ணு ஜெயிச்சுட்டு சேப்பாக்கம் வந்தோம். ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட போடு, 64 ரன்னுக்கு 7 விக்கெட். மொத்த டீமும் 190. அந்த நூத்தித் தொண்ணூறுல பாதிக்கு மேல ஒரே ஆளு, அதுவும் அஞ்சடி சொச்சம் ஒயரத்துல ஒரு ஆளு. ஒரு பக்கம் விக்கெட் கொட்டுது, இவரு மட்டும் ராபர்ட்ஸ் பந்த ஸ்கொயர் கட் அடிக்கிறாரு. கடைசியா சந்திரசேகர் வந்தாரு, அவரு பேட்டிங் எப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பந்துக்கும் எங்க அம்மா "சாமி"ன்னாங்க. மூணு ரன் பாக்கி இருக்கையில சந்திரசேகர் அவுட். செஞ்சுரி இல்ல. ஆனா மேட்ச்ச 100 ரன்ல ஜெயிச்சு சீரிஸ 2-2ன்னு ஆக்கிட்டோம், அப்புறம் பம்பாய்ல கிளைவ் லாய்டு 242 அடிச்சு எல்லாத்தையும் கொண்டுபோனது வேற கதை. நான் பாத்த, கேட்ட எந்த செஞ்சுரிக்கும் மேல அந்த 97ஐத்தான் வெப்பேன். முன்னாடி சொன்ன டயஸுக்கும் அதே சேப்பாக்கத்துல அதே 97 பாருங்க.

நீங்க லெட்டர்ல ரேடியோவுல அப்துல் ஜப்பார் தமிழ் வர்ணனை பத்தியும் எழுதியிருந்தீங்க. அவரு பேசுனா சேப்பாக்கத்த பாக்காத எங்களுக்கு மைதானத்துல நெழல் எந்தப் பக்கம் விழுதுன்னு வரைக்கும் தெரியும். 2020ல அவரு போனப்ப எங்க வீட்ல ஒரு பெரியவர் போன மாதிரி இருந்துச்சு.

காக்கா, நான் கீழக்கரை ஸ்கூல்ல பீட்டி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். பி.டி. உஷாவ பாத்துத்தான் எங்க வாப்பாகிட்ட சண்ட போட்டு இந்த வேலைக்கு வந்தேன். அவங்கள பத்தி நாலு வரி போடுங்க.
— கீழக்கரை வாசகி

நாலு வரியில அடங்காது லாத்தா.

1984 ஆகஸ்ட், லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். மூணாவதா வந்த ருமேனியா பொண்ணு கிறிஸ்டினா கொஜொகாரு 55.41 செகண்ட், உஷா 55.42. செகண்ட நூறாப் பிரிச்சு அதுல ஒரு பங்கு. பேப்பர்ல அந்த நம்பர பாத்துட்டு எங்க ஊரு டீக்கடையில கண்ண மூடித் தொறந்து தொறந்து பாத்தோம், எவ்வளவு நேரம்தான் அதுன்னு. புடிபடவே இல்ல. கொழம்பு கொதிக்கிற ஊர்லேர்ந்து போன பொண்ணு அங்க வாய்க்கு ஒத்த சாப்பாடு கெடைக்காம கஞ்சியும் ஊறுகாயும் சாப்புட்டுத்தான் ஓடுனேன்னு அவங்களே பின்னால சொல்லியிருக்காங்க.

எனக்கு அவங்ககிட்ட ரொம்பப் புடிச்சது என்னன்னா அவங்க பய்யோலி கடற்கரை மணல்ல ஓடிப் பழகுனவங்க, நம்பியார் சாருதான் கோச். மணல்ல ஓடுறது என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. காஞ்ச மணல்ல கால வெச்சா பாதி பலத்த மணலே எடுத்துக்கும், அலை நனைச்ச மணல் கெட்டியா இருக்கும் ஆனா சரிஞ்சு கெடக்கும், ஒரு கால் மேல ஒரு கால் கீழன்னு ஓடணும், கெண்டக்கால் நரம்பு சுண்டி இழுக்கும். அப்பிடி ஓடுன காலு 1986 சியோல் ஏசியாட்ல, அதான் ஆசிய விளையாட்டுப் போட்டியில, 200, 400, 400 தடை ஓட்டம், 4x400 ரிலேன்னு நாலு தங்கம் அடிச்சுச்சு, 100 மீட்டர்ல வெள்ளி. நீங்க ஒங்க புள்ளைகள கடற்கரைக்கு கூட்டிட்டுப் போயி வெள்ளன அஞ்சு மணிக்கு ஓடவிட்டதா எழுதியிருக்கீங்க, புர்கா போட்ட தாய்மாருங்க கரையில ஒக்காந்து தண்ணி பாட்டில் வெச்சுக்கிட்டு காத்திருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்தத் தாய்மாருங்கள பத்தி நீங்க தனியா ஒரு கட்டுர எழுதி அனுப்பணும், நாங்க போடுறோம்.

ஹாக்கில பாஸ்கரனா, தன்ராஜ் பிள்ளையா?
— ராமநாதபுரம் வாசகர்

பாஸ்கரன் 1980 மாஸ்கோவுல கேப்டன், ஸ்பெயின 4-3ன்னு ஜெயிச்சு தங்கம். தன்ராஜ் நாலு ஒலிம்பிக், நாலு வேர்ல்டு கப் ஆடுனவரு, 1998 பாங்காக் ஏசியாட்ல அவரு கேப்டன்சில தங்கம். மெடலுக்கு பாஸ்கரன், பந்த எடுத்துட்டு ஓடுற அழகுக்கு தன்ராஜ். ஒண்ணுதான் சொல்லணும்னா தன்ராஜ்.

சார், நான் பாம்பன்ல டியூஷன் எடுக்குறேன். பசங்ககிட்ட குற்றாலீஸ்வரன் பேர சொன்னேன், ஒருத்தருக்கும் தெரியல. நம்ம கடல்ல நீந்துன மனுசன், நம்ம பசங்களுக்கே தெரியல. எனக்கு தாங்க முடியல. அவருதான் மொதல்ல நீந்துனவரா? முழுசா எழுதுங்க.
— பாம்பன் வாசகி

இந்த லெட்டருக்காகத்தான் இந்தத் தடவ மத்த பதில சுருக்குனேன்மா.

மொத ஆளு அவரு இல்ல. பாக்கு நீரிணைய மொதல்ல நீந்திக் கடந்தவரு யாழ்ப்பாணம் தொண்டைமானாறுக்காரர் நவரத்தினசாமி, 1954ல. அவருக்கு அப்ப நாப்பது வயசுக்கு மேல. அடுத்து 1966 ஏப்ரல், கல்கத்தா வக்கீல் மிஹிர் சென். 1958லயே இங்கிலிஷ் கால்வாய நீந்துன மொத இந்தியர். தலைமன்னார்ல எறங்கி தனுஷ்கோடில ஏறுனாரு, 25 மணி 36 நிமிசம். ஒரு பகல், ஒரு ராத்திரி, அதுக்கு மேல. அவரு கரையேறுன தனுஷ்கோடி எப்பிடி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரிதான் புயல் வந்து ஊரையும் ரயிலையும் அள்ளிட்டுப் போச்சு, அது நடந்து பதினாறு மாசங்கூட ஆகல. மேளம் கொட்டி வரவேற்க ஒரு ஊரே அங்க இல்ல, இடிஞ்ச சர்ச்சும் ஸ்டேசன் செவரும் மணலும்தான். அந்தக் கடல் மேல எங்க சனங்களுக்கு அப்ப பயமும் கோவமும் தீரல. எங்க மாமா தனுஷ்கோடில எல்லாத்தையும் விட்டுட்டு தங்கச்சிமடத்துல வந்து குடிசை போட்டவரு. அவரு சொல்லுவாரு, "எங்கள தின்ன கடல்ல ஒருத்தன் தானா எறங்கி வெறுங்கையால ஏறி வந்தான்டா, அதக் கேள்விப்பட்ட அன்னைக்குத்தான் நான் மறுபடி வத்தைப் படக தள்ளுனேன்"னு. எனக்கு இந்தக் கதையக் கேட்டுத்தான் மிஹிர் சென்ங்கற பேரே தெரியும். அதே வருசம் அவரு ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாம் நீந்தி ஒரே வருசத்துல அஞ்சுன்னு முடிச்சாரு. கடைசிக் காலத்துல நெனவு தப்பிப்போயி 1997ல செத்தாரு, எத்தன பேருக்குத் தெரிஞ்சுச்சோ.

அப்புறம் வல்வெட்டித்துறை ஆனந்தன், ஆழிக்குமரன்னே பட்டம். 1971ல தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடிக்கு வந்து திரும்ப அங்கயே நீந்திப் போனாரு, 51 மணிநேரம். போயிட்டு, வந்துட்டு! 1984 ஆகஸ்ட்ல இங்கிலிஷ் கால்வாய்ல நீந்தையில உசுர விட்டாரு.

இவங்க நீந்துனது எவ்வளவுன்னு பசங்களுக்கு கிலோமீட்டர்ல சொல்லாதீங்க, புரியாது. அரிச்சல்முனைக்கு கூட்டிட்டுப் போங்க, இப்பத்தான் 2017லேர்ந்து ரோடு இருக்கே. இந்தப் பக்கம் பெண்கடல், அந்தப் பக்கம் ஆண்கடல், ரெண்டும் சேர்ற எடத்துல தண்ணி எப்பிடி இழுக்குதுன்னு கண்ணால காட்டுங்க. மணல்திட்டுக்கும் திட்டுக்கும் நடுவுல நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும், நீந்துறவன் நேரா போறேன்னு நெனப்பான், ஆனா குறுக்கால போய்க்கிட்டிருப்பான். கர தெரியும், ஆனா கிட்ட வராது, எங்க மாமா இதத்தான் அடிக்கடி சொல்லுவாரு, கடேசி ரெண்டு மைலுதான் ஆளக் கொல்லும்னு. சொறி, அதான் ஜெல்லிமீன், மேல பட்டா ஒடம்பெல்லாம் தீப்பட்ட மாதிரி எரியும், அதோடயே நீந்தணும். கூட வர்ற படக தொட்டா அவ்வளவுதான், கணக்குல சேராது, கம்புல கட்டி நீட்டுற டம்ளர வாங்கி மெதந்துக்கிட்டே குடிக்கணும். நவரத்தினசாமி மார்ச்ல, மிஹிர் சென் ஏப்ரல்ல, குற்றாலீஸ்வரனும் ஏப்ரல்ல ஏன் நீந்துனாங்கன்னு பசங்ககிட்ட கேளுங்க, மீனவர் வீட்டுப் புள்ளைக டக்குன்னு சொல்லிரும். வாடக்காத்து முடிஞ்சு தெக்கத்தி சோழகக் காத்து கெளம்புறதுக்கு முன்னாடி பங்குனி சித்திரையிலதான் இந்தக் கடலு கொஞ்சம் படுத்துக் கெடக்கும்.

இப்ப குற்றாலீஸ்வரன். 1994ல அந்தக் கடல்ல எறங்குனப்ப வயசு பன்னெண்டு. ஒங்க டியூஷன் பசங்க வயசு. அதே வருசம் இங்கிலிஷ் கால்வாய், இத்தாலில மெசினா, ஆஸ்திரேலியாவுல ராட்னெஸ்ட்டுன்னு மொத்தம் ஆறு நீரிணை நீந்தி மிஹிர் சென்னோட அஞ்ச தாண்டுனாரு. 1996ல அர்ஜுனா விருது. நான் நேர்ல பாக்கல, பேப்பர்ல படம் பாத்தேன், ஒடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கிட்டு ஒல்லியா ஒரு பையன். அதுக்கப்புறம் படிப்புப் பக்கம் போயிட்டாரு. கடல் நீச்சலுக்கு துணைப்படகு, பர்மிஷன், ஆளுங்க, போக்குவரத்துன்னு ஆகுற செலவ ஒரு குடும்பம் எத்தன நாளு தாங்கும்? கிரிக்கெட்டுக்குக் குடுக்குற கவனத்துல பாதிய அந்தப் பையன் மேல வெச்சிருந்தா இன்னும் எவ்வளவோ நீந்தியிருப்பாரு, இத நான் முப்பது வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னமும் சொல்லுவேன்.

2004ல வங்காளத்து பூலா சவுத்ரியும் தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடி வந்தாங்க, அதையும் பொம்பளப் புள்ளைகளுக்குச் சேத்து சொல்லுங்க. அரிச்சல்முனையில இவங்க பேரெல்லாம் வருசத்தோட செதுக்கி ஒரு கல்லு நட்டா என்ன? சீரங்கம், காசின்னு எங்கேர்ந்தெல்லாமோ சனம் வருது, படிச்சுட்டுப் போகட்டுமே.

மரடோனா பத்தி ஒரு வார்த்தையாவது சொல்லுங்க, இல்லாட்டி பெரியபட்டினத்துல ஒங்க பத்திரிகைய வாங்க மாட்டோம்!
— பெரியபட்டினம் வாசகர்

வாங்குங்க தம்பி. 1986 ஜூன் 22, அஸ்டெக்கா ஸ்டேடியம், இங்கிலாந்துக்கு எதிரா அந்த ரெண்டாவது கோல், பாதி மைதானத்துலேர்ந்து ஒத்த ஆளா கொண்டுபோனது, அதுக்கு மேல ஃபுட்பால்ல எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா எங்க பக்கத்துல அரபு நாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வந்த பல பேருக்கு 1990ல கேமரூன் ரோஜர் மில்லாதான் ஹீரோ. முப்பத்தெட்டு வயசுல நாலு கோல், ஒவ்வொரு கோலுக்கும் கார்னர் கொடிகிட்ட போயி ஆட்டம். பாதி வாழ்க்கைய வெளியூர்ல வெயில்ல தொலைச்சுட்டு வந்த மனுசங்களுக்கு, முப்பத்தெட்டுலயும் ஒருத்தன் எறங்கி அடிக்கிறத பாத்தா எப்பிடி இருக்கும்!

அய்யா, எங்க அப்பா தொண்டிப் பக்கம் பாய்மரப் போட்டில சுக்கான் புடிச்சவரு. நெறைய தடவ ஜெயிச்சுருக்காரு. ஒரு பேப்பர்லயும் பேரு வந்ததில்ல. நீங்க கேட்ட கணக்குல அவரு வருவாரா?
— நம்புதாளை வாசகர்

வருவாரு. ஏன் வரமாட்டாரு?

எஞ்சின் இல்லாம, கோயில் திருவிழா அன்னைக்கு கரை முழுக்க சனம் நிக்க, கடல்ல நட்ட கொடியச் சுத்தி முட்டாம திரும்பி வர்றது சாதாரண வேலையா? காத்து ஒரு பக்கம் படகச் சாய்க்கும், எதிர்ப்பக்கம் பலகைய நீட்டி அதுல ரெண்டு பேரு ஏறி ஒக்காந்து கடல் மேல தொங்கிக்கிட்டே வருவாங்க, ஒருத்தன் பாய்க்கு தண்ணி அள்ளி எறஞ்சுக்கிட்டே இருப்பான், துணி நனைஞ்சாத்தான் காத்து கண்ணு வழியா தப்பிக்காது. இத்தனைக்கும் நடுவுல சுக்கான் புடிக்கிறவரு ஒரு வார்த்த பேச மாட்டாரு, தண்ணிய மட்டும் பாப்பாரு. தண்ணில கருப்பா சுருக்கம் விழுந்து ஓடி வந்தா அது அடுத்த காத்து, அது வந்து சேர்றதுக்குள்ள படக திருப்பி வெச்சிருக்கணும். கொடியத் திரும்புற எடத்துலதான் போட்டியே முடிவாகும். அங்க ஒருத்தர் பாய எறக்காம திரும்புனத நான் சின்ன வயசுல கரையில நின்னு பாத்தேன், சனம் போட்ட கூச்சல் இப்பவும் காதுல இருக்கு, ஆனா அவரு பேரு எனக்குத் தெரியாது. ஒங்க அப்பாவா கூட இருக்கலாம்.

அதனால நீங்க எழுதி அனுப்புங்க. எந்த வருசம், எந்தத் திருவிழா, கூட யாரு யாரு போனா, என்ன பரிசு குடுத்தாங்க, எல்லாம். போட்டோ இல்லாட்டி பரவால்ல. பாய் என்ன கலருன்னு மட்டும் அப்பாகிட்ட கேட்டு மறக்காம எழுதுங்க.